அரங்கும் அரியணையும் – 7: பல்லக்குத் தூக்கிய அரசர்

ஆஷாட ஏகாதசியன்று வடாலா கத்ரக் ரோட்டில் நடக்க முடியாது. நகரத்தான் முடியும். விட்டல் கோயிலுக்குப் 'பிரதி பண்டர்பூர்' என்று பெயர். பண்டரிபுரம் போக முடியாத மும்பைக்காரர்கள் அத்தனை பேரும் மழையில் நனைந்தபடி இந்த ஒரு தெருவுக்கு வந்துவிடுவார்கள்.

அந்த வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் எங்கள் கட்டடத்து மராத்திப் பெரியவர். நான் அவரைக் 'காகா' என்பேன். (ஊரிலிருந்து வந்த என் அத்தை, "பெரிய மனுஷரைப் போய் காக்கான்னு கூப்பிடறியேடா" என்று பதறிப்போனாள்.) அவர் என்னை 'அண்ணா' என்பார். மும்பையில் தமிழன் எந்த வயதிலும் அண்ணாதான்.

மாட்டுங்காவிலிருந்து வந்த நம்மவர்களின் பஜனை கோஷ்டி ஒன்று அபங்கம் பாடிக்கொண்டு போனது. காகா திரும்பிப் பார்த்தார். மதராஸிகளுக்கு துகாராம் எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"உங்கள் ராஜாக்கள் எங்கள் தஞ்சாவூரை ஏறத்தாழ 180 வருஷம் ஆண்டார்கள், காகா. மராத்தியில் முதன்முதலாக நாடகம் எழுதியதே தஞ்சாவூர் ராஜாதான்" என்றேன்.

முதல் பாதியை ஏற்றுக்கொண்டார். இரண்டாம் பாதிக்குச் சிரித்தார். "மராத்தி நாடகம் சாங்கிலியில் பிறந்தது அண்ணா. 1843, நவம்பர் 5. அந்தத் தேதியைத்தான் ஒவ்வொரு வருஷமும் ரங்கபூமி தினமாகக் கொண்டாடுகிறோம்."

இரண்டு பேரும் சொன்னது சரிதான். அது எப்படி என்பதற்கு இந்த வாரம் பாதி விடை வரும். மீதிக்கு நீங்கள் பொறுக்க வேண்டும்.

*

போன வாரம் எங்கே விட்டோம்?

1673. தஞ்சை நாயக்கர்களில் கடைசியானவர் விஜயராகவர். மதுரை சொக்கநாத நாயக்கர் பெண் கேட்டார், இவர் மறுத்தார், படை வந்தது. அந்தப்புரத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்கச் சொல்லிவிட்டு, கிழவர் வாளோடு களத்துக்குப் போய் மடிந்தார். அவர் எழுதிய தெலுங்கு யட்சகானங்களும், அவர் அவையில் ரங்காஜம்மா எழுதிய 'மன்னாருதாச விலாசமு'ம் ஏட்டில் தங்கின. ஆட ஆளில்லை, ஆட்டுவிக்க அரசனும் இல்லை.

தப்பிய வாரிசு செங்கமலதாசனுக்காக பீஜப்பூர் சுல்தானிடம் முறையிட்டார்கள். சுல்தான் ஒரு மராத்தியத் தளபதியை அனுப்பினார். அவர் மதுரையின் ஆளை விரட்டினார், நாயக்க வாரிசை அமர்த்தினார். பிறகு அந்த வாரிசையும் விலக்கிவிட்டுத் தாமே அமர்ந்துகொண்டார்.

அவர்தான் ஏகோஜி. வெங்கோஜி என்றும் சொல்வார்கள். சத்ரபதி சிவாஜிக்கு மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி.

*

கொள்ளிடத்து இரவு

1677, ஜூலை. கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடி.

மூன்றாண்டுகளுக்கு முன் ராய்கடில் முடிசூடிய சிவாஜி, கோல்கொண்டா வழியாகத் தெற்கே இறங்கி வந்திருக்கிறார். செஞ்சிக் கோட்டை கைக்கு வந்துவிட்டது. வேலூர் முற்றுகையில் இருக்கிறது. இப்போது தம்பியைப் பார்க்க ஆற்றங்கரையில் கூடாரம் அடித்திருக்கிறார்.

தென்கரையிலிருந்து ஏகோஜி வந்தார். விருந்து, உபசாரம், பரிசு எல்லாம் நடந்தது. சில நாள் இப்படியே போனது. அப்புறம் அண்ணன் விஷயத்துக்கு வந்தார். தகப்பனார் ஷாஹாஜி 1664-இல் இறந்தார். தெற்கே அவர் சேர்த்த நிலமும் பொருளும் முழுக்கத் தம்பியிடம் இருக்கின்றன. பாதி எங்கே?

நம் ஊர்ப் பாகப்பிரிவினைத் தகராறுதான். ஒரு பக்கம் பாக்கு வெட்டியோடு உட்கார்ந்த பங்காளிக்குப் பதில் குதிரைப்படை நின்றது, அவ்வளவே வித்தியாசம்.

ஏகோஜி பதில் சொல்லவில்லை. யோசித்தார். சுற்றிலும் அண்ணனின் படை, முன்னால் அண்ணன், பின்னால் ஆடி மாதத்துக் கொள்ளிடம். அன்று இரவு யாருக்கும் சொல்லாமல் ஒரு தெப்பத்தில் ஏறி ஆற்றைக் கடந்து தஞ்சாவூருக்கு ஓடிவிட்டார்.

காலையில் சேதி கேட்ட சிவாஜி மனம் வருந்தினார் என்று மராத்தியக் குறிப்புகள் சொல்கின்றன. சிறையா வைக்கப்போனேன், ஏன் ஓடினான் என்ற வருத்தம். வருத்தத்தோடு வருத்தமாகக் கொள்ளிடத்துக்கு வடக்கே இருந்த நிலத்தையெல்லாம் எடுத்துக்கொண்டார். அதே ஆண்டு இறுதியில் வாலிகொண்டபுரத்தில் ஒரு சண்டையும் நடந்தது. கடைசியில் சமாதானம் செய்துவைத்தவர் ஏகோஜியின் மனைவி தீபாபாய். பெங்களூர்ப் பக்கத்து நிலங்களைத் தம்பி மனைவிக்கு 'சோளி–பாங்டி'யாக, அதாவது ரவிக்கைக்கும் வளையலுக்குமான சீராக, சிவாஜி எழுதிக்கொடுத்தார்.

நாடகத் தொடரில் இந்தப் போர்க்கதை எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. அந்தத் தெப்பம் தென்கரையைத் தொட்டபோது தஞ்சைப் போன்ஸ்லேக்களின் எல்லை முடிவாகிவிட்டது. வடக்கே வளர இடமில்லை, சொந்த மராட்டியத்துக்குத் திரும்ப வழியில்லை. இனி காவிரிப் படுகைதான் ஊர். அங்கே வேரூன்றியாக வேண்டும்.

வேரூன்றுவது லேசான காரியமா? உழுகிறவன் தமிழன். அரண்மனை இலக்கியம் ஒரு நூற்றாண்டாகத் தெலுங்கு. அக்ரகாரம் சமஸ்கிருதத்தில் வாதாடுகிறது. இவரோ மராத்தி பேசுகிறார், சுல்தானின் வேலையாளாக வந்தவர், அமர்த்த வந்த வாரிசையே விலக்கியவர். எந்தக் கோயில் மணியும் இவருக்காக இதுவரை அடித்ததில்லை.

*

செஞ்சி எரிகிறது, தஞ்சை எழுதுகிறது

1684-இல் ஏகோஜியின் மூத்த மகன் பட்டத்துக்கு வந்தான். தாத்தாவின் பெயரே பேரனுக்கு: ஷாஹாஜி. தமிழில் சகஜி என்பார்கள். தீபாபாயின் பிள்ளை. மீசை முளைக்காத வயது.

வாள் பிடிக்கவேண்டிய காலம்தான் அது. சிவாஜியின் இளைய மகன் ராஜாராம் முகலாயருக்குத் தப்பி 1689-இல் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். 1690-இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் கோட்டையைச் சூழ்ந்தார். முற்றுகை 1698 வரை நீண்டது. தஞ்சையிலிருந்து சில நாள் நடைத் தூரத்தில் பெரியப்பா மகன் அடைபட்டுக் கிடக்கிறார். தஞ்சை ஒரு பக்கம் அவருக்கு உதவியது, இன்னொரு பக்கம் முகலாயருக்குக் கப்பம் கட்டவும் ஒப்புக்கொண்டது.

அந்த 1690-ஐ ஒட்டித்தான் சகஜி 'லட்சுமி நாராயண கல்யாணம்' எழுதினார். மராத்தியில். அந்த மொழியில் முழு வடிவில் கிடைக்கும் முதல் நாடகம் என்று பலர் சொல்வது இதைத்தான். ஏடு சரஸ்வதி மகாலில் இருக்கிறது. இதோடு நிற்கவில்லை. தெலுங்கிலும் மராத்தியிலுமாக நாடகத்தின் மேல் நாடகம் எழுதிக்கொண்டே போனார்.

கோழை என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். கோட்டை எரியும்போது கல்யாண நாடகம் எழுதியவனை வேறென்ன சொல்வது என்பது அவர்கள் கட்சி. நான் அப்படி நினைக்கவில்லை. வாளால் பிடித்த ஊரை வாளால் வைத்திருக்க முடியாது என்பதைத் தகப்பன் ஓடிய கதையிலிருந்து அந்தப் பையன் கற்றிருக்க வேண்டும். அவர் கண்டுபிடித்த வழியைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

*

எந்தச் சாமி?

ஒரு புது அரசன் செய்யும் முதல் அரசியல் முடிவு, எந்தச் சாமியின் வாசலில் நிற்பது என்பது.

நாயக்கரின் சாமி மன்னார்குடி ராஜகோபாலன். விஜயராகவர் தம்மையே 'மன்னாருதாசன்' என்று சொல்லிக்கொண்டவர். ஆனாலும் அவர் கால நாடகங்களில் ஒரு வினோதம் உண்டு. தாசன் என்று பெயர் வைத்துக்கொண்டவரே நாயகனாகவும் வருவார். ஊர்வலம் போவார், மாடத்திலிருந்து பெண்கள் மயங்குவார்கள். சாமிக்கும் அரசனுக்கும் நடுவிலிருந்த கோட்டை நாயக்கர் அவை கிட்டத்தட்ட அழித்தேவிட்டது.

புதிதாக வந்த மராத்தியர் அந்த வேடத்தைப் போட்டால் சிரிப்பார்கள். சகஜி மன்னார்குடிக்குப் போகவில்லை. திருவாரூருக்குப் போனார்.

திருவாரூரில் என்ன விசேஷம்? அங்கே தியாகேசர்தான் ராஜா. வீதிவிடங்கர், சோழர்கள் கொண்டாடிய தெய்வம். நகரம் அவருடையது, கொலு அவருடையது, ஆழித்தேர் அவருடையது. அப்படிப்பட்ட ஊரில் மனித அரசன் போய் நின்றால் அவன் இரண்டாம் ஆள்தான். அந்த இரண்டாம் இடம்தான் சகஜிக்கு வேண்டியிருந்தது. தியாகேசரின் சேவகன் என்றாகிவிட்டால், 'எங்கிருந்து வந்தாய், யார் உன்னை அனுப்பினார்கள்' என்று அப்புறம் யார் கேட்பார்கள்?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போவோம்.

'சங்கர பல்லக்கி சேவா பிரபந்தமு' என்று ஒரு தெலுங்கு இசை நாடகம். எழுதியவர் சகஜி. கதை என்று சொல்ல அதிகம் இல்லை. கௌரி, தியாகேசரைப் பிரிந்து தவிக்கிறாள். தோழிகள் போய் அழைக்கிறார்கள். அவர் பல்லக்கில் வருகிறார். இருவரும் சேர்கிறார்கள். தாலாட்டு, மங்களம், முடிந்தது.

ஆனால் திருவாரூர்க் கோயிலுக்குள் இதை வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு இரவும் சுவாமியைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்வது கோயிலின் அன்றாடச் சடங்கு. நாடகத்தில் வரும் பல்லக்கு காகிதப் பல்லக்கு அல்ல, ஊர் தினம் கும்பிடும் பல்லக்கு. கௌரியின் தோழிகளாக ஆடியவர்கள் நடிகைகள் அல்லர். கோயிலுக்கே பொட்டுக் கட்டப்பட்ட பெண்கள், தியாகேசரின் சொந்தப் பணிப்பெண்கள். வெளியே வேடம் போட்டுக்கொண்டு உள்ளே வருவதல்ல இது. அவர்கள் எப்போதும் யாரோ, மேடையிலும் அவர்களேதான்.

பார்வையாளர் யார்? ஊர்ச் சனம். அவர்களுக்கு முன்னால், முதல் வரிசையில், சாமி.

நாயகனும் அவர், பார்வையாளரும் அவர், படியளப்பவரும் அவர். எழுதியவன் மட்டும் அரசன்.

நாயக்கர் மேடையில் அரசன் நடுவில் நின்றான். சகஜியின் மேடையில் அரசன் ஓரத்துக்குப் போய்ப் பல்லக்கின் தண்டுக்குத் தோள் கொடுத்தான். புகழ் பாடும் கவிஞர்கள் அவர் அவையிலும் உண்டு, அவரை நாயகனாக்கிய நூல்களும் உண்டு. ஆனால் திருவாரூரில் இருபதாம் நூற்றாண்டு தொடங்கிய பின்னும் கோயில் பெண்கள் ஆடிவந்தது பல்லக்கு சேவையைத்தான். மராத்தியன் தெலுங்கில் எழுதியதைத் தமிழ்ப் பெண்கள் தமிழ்ச் சாமிக்கு ஆடினார்கள்.

அந்தப் பெண்களுக்கு இதில் என்ன கிடைத்தது என்பது தனிக் கதை. மானிய நிலம் உண்டு, மரியாதை உண்டு. விலகிப்போகும் உரிமை இல்லை. புரவலர்களைப் புகழும்போது அந்தப் பக்கத்தையும் எழுதிவிட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

*

மோரோ பட்லு மன்னார்குடிக்குப் போனான்

பக்திமான், சரி. சகஜி பசுவா என்றால் இல்லை.

'சதிதான சூரமு' என்ற அவருடைய தெலுங்கு நாடகத்தைக் கேளுங்கள். மோரோ பட்லு என்று ஒரு பிராமணன். பெயரிலேயே மராத்தி வாடை. சீடனோடு மன்னார்குடிக்கு ராஜகோபாலன் உற்சவம் பார்க்கப் போகிறான். சாமியைப் பார்ப்பதற்கு முன் ஒரு பெண்ணைப் பார்த்துவிடுகிறான். அவள் தீண்டத்தகாத சாதி என்று ஊர் ஒதுக்கிவைத்தவள், இன்னொருவனுடைய மனைவி.

அவ்வளவுதான், சாஸ்திரம் போயிற்று. சீடன் தடுக்கிறான். குருவுக்கே உபதேசம் செய்கிறான். அவள் தடுக்கிறாள். தன் சாதி இன்னதென்று எடுத்துச் சொல்கிறாள். கேட்பானா? அவள் கணவனிடமே போய் அவளைத் தானமாகக் கேட்கிறான். பிராமணன் வாய்விட்டுக் கேட்டதை இல்லையென்னக் கூடாது என்று அந்தக் கணவன் தானம் கொடுத்துவிடுகிறான்! முடிவில் சிவன் தோன்றி எல்லோருக்கும் அருள் தருகிறார்.

இதை எப்படிப் படிப்பது? கர்ணன், அரிச்சந்திரன் என்று தானத்தைத் தூக்கிப்பிடிக்கும் கதைகளையெல்லாம் தலைகீழாகக் கவிழ்க்கிற கூத்து இது. கொடுக்கத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டவன் கொடுக்கிறான். எல்லாம் தெரிந்தவன் கைநீட்டி நிற்கிறான். அரங்கில் சிரித்த பிராமணர்களுக்குச் சிரிப்பு எந்த இடத்தில் நின்றிருக்கும் என்று யோசிக்கிறேன். அந்தப் பெண்ணைப் பொருளாகக் கைமாற்றுவது இன்று நமக்குக் கசக்கும். கசக்கத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் கூத்து நடக்கும் இடம் மன்னார்குடி, விஜயராகவரின் ஊர், ராஜகோபாலனின் திருவிழா. கடைசியில் வந்து அருள்கிறவரோ சிவன். பழைய புரவலரின் கோயில் வாசலில் புதிய புரவலரின் சாமி வந்து கதையை முடித்துவைக்கிறார். இது தற்செயல் என்று நீங்கள் நம்பினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் நம்பவில்லை.

சாமியை மேடையில் ஏற்றிய அதே கை, சாமியின் பெயரால் நடப்பதைக் கிண்டலும் செய்தது. இரண்டுக்கும் ஒரே பணப்பைதான்.

*

கடவுள் பெயருக்குப் பத்துப் பவுண்டு

அதே காலத்தில் உலகின் மறுபக்கம் என்ன நடந்தது?

இங்கிலாந்தில் எலிசபெத் ராணி பட்டமேறிய மறு ஆண்டே, 1559-இல், மதத்தையும் அரசாட்சியையும் பேசும் நாடகங்களுக்கு அனுமதி தரக்கூடாதென்று அறிக்கை போட்டார். 1606-இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. மேடையில் கடவுள் பெயரையோ கிறிஸ்துவின் பெயரையோ விளையாட்டாக உச்சரித்தால் 10 பவுண்டு அபராதம். ஷேக்ஸ்பியர் அப்போது எழுதிக்கொண்டிருந்தார். பிரபுக்களின் பெயரில் குழுக்கள் இருந்தன. அந்தப் பிரபுவின் பெயர் இல்லாவிட்டால் நடிகன் சட்டப்படி நாடோடி. 1642-இல் தூய்மைவாதிகளின் பாராளுமன்றம் அரங்குகளையே மூடிவிட்டது. 1660 வரை பூட்டுதான்.

அங்கே சாமி மேடையிலிருந்து இறங்கிவிட்டார். அதனால்தானோ என்னவோ, மனிதன் மேடை முழுவதும் நிரம்பினான்.

தஞ்சைக்கு நெருங்கிய உறவு லண்டன் அல்ல, மாட்ரிட். அங்கே நாடகக் கொட்டகை வசூலில் ஒரு பங்கு, தர்ம சபைகள் நடத்திய மருத்துவமனைகளுக்குப் போனது. நாடகத்தைப் பாவம் என்று திட்டிய பாதிரிமார்கள் கொட்டகையை மூடச் சொன்னால், நோயாளிக்குக் கஞ்சி யார் ஊற்றுவது என்ற கேள்வி எழுந்தது. கார்ப்பஸ் கிறிஸ்டி திருவிழாவில் பெரிய வண்டிகளையே மேடையாக்கித் தெருவில் உருட்டிவந்து வேத நாடகம் ஆடினார்கள். அவற்றை ஆண்டுதோறும் எழுதித் தந்தவர் கால்டெரோன், தாமே ஒரு பாதிரியார். 1681-இல் அவர் காலமானார். மூன்றாண்டு கழித்துத் தஞ்சையில் சகஜி பட்டமேறினார்.

திருவாரூர்த் தேரும் மாட்ரிட் வண்டியும் ஒன்றையொன்று பார்த்ததில்லை. பார்த்திருந்தால் முறை சொல்லிக் கூப்பிட்டிருக்கும்.

ஒரே வேறுபாடு. 1765-இல் ஸ்பெயின் மன்னர் மூன்றாம் கார்லோஸ் ஒரு கையெழுத்தில் அந்த வண்டி நாடகங்களைத் தடைசெய்தார், அவை நின்றுபோயின. தஞ்சையில் அப்படி ஒரு கையெழுத்தில் எதுவும் நிற்காது. ஏன் என்பதற்கு மேலட்டூருக்கு ஒருமுறை போய்வர வேண்டும்.

*

நிலம் எழுதிய நாடகம்

மேலட்டூர், தஞ்சைக்குப் பக்கத்து ஊர். சகஜிக்கு ஒரு நூற்றாண்டு முன்பே அச்சுதப்ப நாயக்கர் 510 தெலுங்குப் பிராமணக் குடும்பங்களைக் குடியேற்றி, ஆளுக்கொரு வீடும் நிலமும் கிணறும் கொடுத்தார் என்பது அந்த ஊர் வழிவழியாகச் சொல்லும் கணக்கு. அங்கே வளர்ந்ததுதான் பாகவத மேளா. ஆண்கள் மட்டும் ஆடுவது. நரசிம்ம ஜயந்திக்குப் பிரகலாத சரித்திரம். சிம்ம முகமூடி கோயிலில் பூசையில் இருக்கும். அதைத் தரிப்பவர் விரதம் இருப்பார். விடியும் நேரத்தில் தூணிலிருந்து வெளிப்பட்டதும் அவரைப் பிடித்துக்கொள்ள ஆள் நிற்பார்கள். ஆவேசம் வந்தால் இரணியனாக வேடம் கட்டியவர் பாடு திண்டாட்டம்.

நாயக்கர் போனார், மராத்தியர் வந்தார், மேளா நிற்கவில்லை. அரண்மனைப் பணம் நின்றாலும் வயல் நெல் வந்துகொண்டிருந்தது. நெல்லுக்குப் பெயர் நரசிம்மர்.

குற்றாலத்திலும் இதே கணக்குதான். குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயருக்கு மதுரை முத்துவிஜயரங்க சொக்கநாத நாயக்கர் கொடுத்தது பொற்கிழியல்ல, நிலம். அந்த இடத்துக்கே குறவஞ்சிமேடு என்று பெயர். சகஜியும் 1693-இல் திருவிசைநல்லூரை 46 பண்டிதர்களுக்கு எழுதிவைத்தார். சாகஜிராஜபுரம் என்று பெயரும் சூட்டினார்.

பொற்கிழி அந்த ஆண்டோடு தீரும். நிலம் தீராது. நம் ஊரில் நாடகத்தை வாழவைத்தது அரசனின் ரசனை மட்டுமல்ல, பத்திரம்.

*

நான்கு மருமகள்கள்

சகஜியின் நாடகங்களில் எனக்கு மிகப் பிடித்ததைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். 'பஞ்சபாஷா விலாசம்'.

கிருஷ்ணனை மணக்க நான்கு ராஜகுமாரிகள் வருகிறார்கள். ஒருத்தி தமிழில் பேசுவாள், ஒருத்தி தெலுங்கில், ஒருத்தி மராத்தியில், ஒருத்தி இந்தியில். கிருஷ்ணன் சமஸ்கிருதத்தில் பேசுவான். யாரும் யாருக்கும் மொழிபெயர்த்துச் சொல்வதில்லை. எல்லோருக்கும் எல்லாம் புரிகிறது. கடைசியில் நால்வருக்கும் கல்யாணம்.

தாராவி அறுபதடி ரோட்டில் காய்கறிக் கடை முன்னால் ஐந்து நிமிடம் நின்றவர்களுக்கு இந்த நாடகத்துக்கு உரை தேவையில்லை. எங்கள் கட்டடத்து லிஃப்டிலும் தினம் இதுதான் நடக்கிறது. கல்யாணம் மட்டும் பாக்கி.

கொள்ளிடத்தில் தெப்பம் ஏறி ஓடியவரின் மகன், தன் மொழியை நான்கு மருமகள்களில் ஒருத்தியாக நிறுத்தினான். மூத்தவளாக அல்ல. வென்றவன் மொழி அந்த இடத்தில் நிற்பது இந்திய அரசவை வரலாற்றில் அடிக்கடி பார்க்கக் கிடைப்பதில்லை.

*

இனி காகாவின் 1843.

சாங்கிலி அரசர் சிந்தாமண்ராவ் பட்வர்த்தன். கன்னடத்துப் பாகவதர் குழு ஒன்றின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, அதுபோல மராத்தியில் ஒன்று செய்யும்படி தம் அவையிலிருந்த விஷ்ணுதாஸ் பாவேயிடம் சொன்னார். 'சீதா சுயம்வரம்' பிறந்தது. 1851-இல் அரசர் காலமானதும் ஆதரவு போனது. பாவே குழுவோடு தெருவுக்கு வந்தார். 1853-இல் மும்பை கிராண்ட் ரோடு தியேட்டரில் டிக்கெட் போட்டு ஆடினார். அரசன் இருந்த இடத்தில் டிக்கெட் வாங்கியவன் வந்து உட்கார்ந்த நாள் அது.

அந்த சாங்கிலி மேடை எப்படித் தொடங்கும் தெரியுமா? சூத்திரதாரன் பாடுவான். விதூஷகன் வந்து வம்பு பேசுவான். பிறகு பிள்ளையார் வருவார். அடுத்து மயில்மேல் சரஸ்வதி வந்து ஆடுவாள். அப்புறம்தான் கதை.

மேலட்டூரில் எப்படித் தொடங்கும்? முதலில் கோணங்கி வந்து குதிப்பான். பிறகு முகமூடி அணிந்த ஒரு சிறுவன் பிள்ளையாராக வந்து ஆடுவான். அப்புறம்தான் கதை.

விட்டல் கோயில் வரிசையில் நின்றபடியே காகாவிடம் இதைச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. சன்னிதி நெருங்கியபோது என் தோளைத் தட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதைத்தான் உங்களிடமும் விட்டுப்போகிறேன்:

தஞ்சாவூரில் 1690-இல் ஆடிய பிள்ளையாரும் சாங்கிலியில் 1843-இல் ஆடிய பிள்ளையாரும் ஒருவரேதானா? ஒருவர்தான் என்றால், நடுவிலிருந்த 150 ஆண்டுகள் அவர் எந்த ஊர் வழியாக நடந்து போனார்?

(அடுத்த வாரம்: கன்னடக் கரையிலிருந்து வந்த கூத்தாடிகள்)